கரை யாருடையது? - தலைமன்னாரும் உல்லாசப் பிரயாணத் துறையும்

மன்னார்த் தீவின் வடமேற்கு முனையில், மதவாச்சியிலிருந்து வரும் புகையிரதப் பாதை கடலோடு முடிவடையும் இடத்திலே தலைமன்னார் அமைந்துள்ளது. கொழும்பிலிருந்து நோக்குவோர்க்கு அது நாட்டின் ஒரு கோடி. அங்கு வாழ்வோர்க்கோ அது இரு கடல்களின் நடு. ஒருபுறம் பாக்கு விரிகுடா. மறுபுறம் மன்னார் வளைகுடா. தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கின்றது. கொழும்புக்குச் செல்ல அதனைப் போற் பத்து மடங்கு தூரம் பயணஞ் செய்ய வேண்டும். பனையும் மணலும் உப்புக்காற்றும் நிறைந்த இவ்வூரின் சோறு கடலிலிருந்தே வருகின்றது.

போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் இவ்வூருக்குப் புதியதொரு எதிர்காலம் எடுத்துரைக்கப்பட்டு வருகின்றது. உல்லாசப் பிரயாணத் துறையே அந்த எதிர்காலம். வங்காலைச் சதுப்பு நிலத்துக்கு வரும் பூநாரைகள், இராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் அழைக்கப்படும் மணற்றிட்டுகள், பட்டத்தின் இழுவையால் நீர்மேற் சறுக்கும் விளையாட்டுக்கு ஏற்ற காற்று, பழைய இறங்குதுறையின் எச்சங்கள் என்பன விற்பனைக்குரிய சரக்குகளாக நிரற்படுத்தப்படுகின்றன. இவற்றை விபரிப்போர் தவறாது பயன்படுத்தும் சொற்றொடர் ஒன்றுண்டு: ‘மனிதக் கை படாத கடற்கரை.’

இச்சொற்றொடரே முதலில் எதிர்க்கப்பட வேண்டியது. அது ஓர் அழகிய மிகைக்கூற்றன்று. ஓர் அரசியற் கூற்று. ஓரிடத்தில் எவருமில்லை எனக் கூறுவது அவ்விடத்தை எடுத்துக்கொள்வதற்கான முதற்படியாகும். குடியேற்றவாதிகள் உலகின் பல பாகங்களிலும் கையாண்ட வாதம் அதுவே. இன்று அதே வாதம் வண்ணப்படங்களோடு அச்சிடப்பட்டு விமான நிலையங்களில் இலவசமாக வழங்கப்படுகின்றது.

கடற்கரை ஒரு தொழிற்களம்

தலைமன்னார்க் கரையில் மனிதக் கை படாத ஒரு முழ நிலந்தானும் உண்டா? விடியுமுன்னரே வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் கரையேறுகின்றன. வலையிற் சிக்கிய நண்டின் கால்கள் ஒடியாமற் கழற்றி எடுப்பதற்குப் பெண்களின் விரல்கள் தேவைப்படுகின்றன. ஒருபுறத்தில் மீன் தரம்பிரிக்கப்படுகின்றது. இன்னொருபுறத்திற் கருவாடு காய்கின்றது. கரைவலை இழுப்போருக்குப் பாடு என்னும் வரையறுக்கப்பட்ட இடம் உண்டு. எவர் எங்கே, எந்த ஒழுங்கில் வலை வளைக்கலாம் என்பது தலைமுறைகளாகப் பேணப்படும் வழக்கு. வள்ளம் ஏற்றும் இடம், வலை காயப்போடும் இடம், வாடி அடிக்கும் இடம், குடிநீர் எடுக்கும் இடம் என ஒவ்வொன்றுக்கும் ஊரவர் அறிந்த எல்லை உண்டு. இவ்வெல்லைகளுக்கு உறுதி இல்லை, வரைபடம் இல்லை. எழுதப்படாமையே அவற்றின் பலவீனம். எழுதப்படாத உரிமையை இல்லாத உரிமையாகக் கொள்வது நிலம் தேடி வரும் முதலீட்டாளருக்கு வசதியானது.

காற்றின் கதை இதனினும் தெளிவானது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற் பருவக்காற்று வீசும்போது மன்னார் வளைகுடாக் கரை கொந்தளிக்கும். அப்பொழுது தொழில் பெரும்பாலும் பாக்கு விரிகுடாப் பக்கத்துக்கு மாறும். வாடைக்காற்றுக் காலத்தில் நிலைமை மறுதலையாகும். இரு கடல்களுக்கும் இடையே இவ்வாறு மாறிமாறித் தொழில் செய்வது தீவு மக்களின் நீண்டகால அறிவாகும். பட்டச் சறுக்கு விளையாட்டை நாடி வருவோரும் அக்காற்று மாதங்களையே தேடி வருகின்றனர். அவர்கள் காணும் கரையில் அப்போது படகுகள் குறைவு; வாடிகள் வெறுமை. ஆதலால் கரையே வெறுமையானது என்ற எண்ணம் எளிதில் எழுகின்றது. அறுவடை முடிந்த வயலைக் கண்டு உரிமையாளனற்ற நிலம் என்று எவரும் கூறுவதில்லை. அடுத்த போகத்திற்காக அது கிடக்கின்றது என்பதை நகரத்தவரும் அறிவர். கடற்கரைக்கு மட்டும் அந்த அறிவு மறுக்கப்படுகின்றது.

வழிப்போக்கரைக் கண்ட ஊர்

வெளியார் வருகை ஊரை வளம்பெறச் செய்யும் என்பது உல்லாசப் பிரயாணத் துறையின் ஆதாரவாதம். இவ்வாதத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குத் தலைமன்னாரை விடச் சிறந்த இடம் இலங்கையில் இல்லை எனலாம். வெளியார் வருகையை அவ்வூர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அனுபவித்திருக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. சென்னையிலிருந்து புகையிரதம், பின்னர் கப்பல், மீண்டும் கொழும்புக்குப் புகையிரதம் என ஒரே பயணச்சீட்டில் இரு நாடுகளும் இணைக்கப்பட்டன. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து வந்தது. அதே 1964இற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. பாட்டன் இறங்கிய கரையிலிருந்தே பேரன் ஏற்றி அனுப்பப்பட்டான். பிறந்த மண்ணைவிட்டுப் பிரிந்தோரின் அழுகையை ‘பியர்’ என ஊரார் அழைக்கும் அந்த இறங்குதுறை கேட்டது. 1980களிற் போர் மூண்டபின் கப்பல் நின்றது. 1990இற் புகையிரதமும் நின்றது. 2015 மார்ச் 14இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொடியசைக்க, புகையிரதம் மீண்டும் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டது.

ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஒரு சர்வதேசப் பிரயாணப் பாதையின் வாசலாக இருந்த ஊர் அதனாற் பெற்ற செல்வம் யாது? துறைமுகத்திலும் புகையிரதத்திலும் சிலருக்குக் கூலி கிடைத்தது. சில கடைகள் நடந்தன. அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் பாதையின் உடைமையும் வருமானமும் வேறிடத்தில் இருந்தன. ஆதலால் பாதை மூடப்பட்டபொழுது ஊருக்கு எஞ்சியவை துருப்பிடித்த இரும்பும் ஒரு வெளிச்சவீடுமே. அக்காலம் முழுவதும் ஊரைக் கைவிடாதிருந்தது கடலொன்றே. இன்று அந்தத் துருப்பிடித்த எச்சங்கள் முன் நின்று புகைப்படம் எடுப்போர்க்கு அங்கு ஏறிச் சென்றவர்கள் யாரெனச் சொல்லுவார் இல்லை. இராமன் கடந்த கதையும் ஆதாம் கடந்த கதையும் கூறப்படுகின்றன. மாத்தளைக்கு நடந்தவனின் கதை கூறப்படுவதில்லை. புராணத்தை விற்பதில் எவருக்கும் சங்கடமில்லை. வரலாற்றை விற்க முயன்றால் விற்பவனே சில வினாக்களுக்கு விடையளிக்க நேரிடும்.

இவ்வினாக்களிற் சில தமிழரை நோக்கியவை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபொழுது மன்னார்த் தீவின் முஸ்லிம் கிராமங்களும் வெறுமையாயின. அவர்களும் இக்கடலிற் தொழில் செய்தவர்களே. மீண்டு வந்தோர் தமது கரையையும் வாடியையும் மீளப் பெறுவதற்குப் பட்ட பாடு சிறிதன்று. ‘எவருமற்ற கரை’ என்னும் பொய்யை எதிர்ப்பவர்கள், தம்மவர் ஒருகாலத்தில் ஒரு கரையை எவருமற்றதாக்கினர் என்பதையும் ஏற்றுக்கொண்டே பேச வேண்டும்.

மும்முனை நெருக்குதல்

உல்லாசப் பிரயாணத் துறையை ஆதரிப்போர் முன்வைக்கும் அடுத்த வாதம், கடற்றொழில் தானாகவே அழிந்து வருகின்றது என்பதாகும். பிடிபாடு குறைகின்றது, இளைஞர் கடலுக்குச் செல்ல மறுக்கின்றனர், ஆகவே மாற்று வேண்டும் என்பர். இதில் அரைவாசி உண்மை. பிடிபாடு குறைந்தமை மெய். தானாகக் குறைந்தமை பொய்.

வாரத்தில் மூன்று இரவுகள் தமிழகத்தின் இழுவைப்படகுகள் பெருந்தொகையாகப் பாக்கு விரிகுடாவைக் கடந்து வருகின்றன. 1974ஆம் ஆண்டின் கடல் எல்லை ஒப்பந்தம் அவற்றைத் தடுக்கவில்லை. அவ்விரவுகளில் வலை விரித்தால் விடியும்போது வலை இராது என்பதால் எத்தனையோ குடும்பங்கள் கரையிலேயே இருந்துவிடுகின்றன. இழுவைமடி கடலடித்தளத்தை உழுது செல்கின்றது. முட்டையும் குஞ்சும் பாசியும் அதனோடு போகின்றன. 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தாற் தடைசெய்தது. சட்டம் எழுதப்பட்டதனாற் கடல் காப்பாற்றப்பட்டுவிடவில்லை. அப்படகுகளிற் கூலிக்கு வருபவனும் ஏழைத் தமிழனே; சிறைப்படுபவனும் அவனே. படகின் முதலாளி கடலையே காண்பதில்லை. இரு கரை ஏழைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பகையோடு நோக்க, இலாபம் வேறிடத்திற் சேர்கின்றது. தொப்புட்கொடி உறவு பற்றி இருகரையிலும் மேடைப்பேச்சுக் குறைவில்லை. அறுந்த வலைக்கு இழப்பீடு கொடுத்தாரில்லை.

நிலத்திலும் நெருக்குதல் உண்டு. 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்றாலைத் திட்டத்தின் 30 கோபுரங்கள் தீவின் தென்கரையில் நிற்கின்றன. மழைநீர் வடிந்தோடும் வழிகள் அடைபட்டன என்றும், கரையோர மீன்பிடி பாதிக்கப்பட்டது என்றும் மக்கள் முறையிட்டனர். மேலும் கோபுரங்கள் அமைப்பதற்கும் இல்மனைற் மணல் அகழ்வதற்கும் எதிராக 2025இல் மன்னார் மக்கள் வீதியிலிறங்கிப் போராடினர். தூய மின்சாரம் வேண்டாமென எவரும் கூறவில்லை. தமது தீவிலே என்ன நடக்க வேண்டுமென்பதைத் தம்மைக் கேட்காது தீர்மானிப்பதையே அவர்கள் எதிர்த்தனர்.

இவற்றோடு எரிபொருளும் சேர்ந்தது. சிறுபடகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. ஒரு தொழிலின் அடித்தளத்தைக் கடலிலும், களத்தைக் கரையிலும், எரிபொருளைச் சந்தையிலும் பறித்துவிட்டு, அது தானாகச் செத்தது என்று மரணச் சான்றிதழ் எழுதுவது நேர்மையாகாது. இத்தகைய சான்றிதழோடு வருகின்ற ‘மாற்றுத் தொழில்’ மாற்றாக வரவில்லை, வாரிசாக வருகின்றது. சொத்து அதற்கே போய்ச்சேரும்.

வேலைவாய்ப்பு என்னும் வாதம்

ஹோட்டல்கள் வந்தால் வேலை வரும் என்பது இன்னொரு வாதம். மன்னாரிலிருந்து தெற்கே அதே கடலோரத்திலுள்ள கற்பிட்டி இதற்கு உதாரணமாகின்றது. அங்கு தீவுகளையும் கரைகளையும் உள்ளடக்கிய பெரும் உல்லாசப் பிரயாணத் திட்டமொன்று தீட்டப்பட்டபொழுது, கரைக்குச் செல்லும் வழிகள் வேலிகளால் அடைபடுவதையும் தொழிலிடங்கள் சுருங்குவதையும் எதிர்த்து மீனவர் போராட நேர்ந்தது. கிழக்கே பாணமையில் 2010இல் தமது நிலங்களிலிருந்து விரட்டப்பட்ட சிங்கள விவசாயிகளும் மீனவரும் அவற்றை மீட்க ஆண்டுக்கணக்கிற் போராடினர். ஆகவே இது தமிழருக்கு மட்டும் இழைக்கப்படும் அநீதியென எண்ணுவதும் தவறு. இலங்கையின் கரையோர ஏழை எம்மொழி பேசினும் இதே வேலியையே எதிர்கொள்கின்றான்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நடந்ததும் நினைவுகூரத்தக்கது. பாதுகாப்பின் பெயரால் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் குடியிருப்புக்குத் தடைசெய்யப்பட்ட வலயமாக அறிவிக்கப்பட்டன. மீனவன் தன் வீட்டைக் கரையிற் கட்டலாகாது. ஹோட்டல்களுக்கோ விதிவிலக்கு அளிக்கப்பட்டது. ஆழிப்பேரலை ஆளறிந்து அடிக்கும் என்று எண்ணினார் போலும். எதிர்ப்பின் பின் அவ்விதிகள் தளர்த்தப்பட்டன. எனினும் கரை எவருக்காகக் காலியாக்கப்பட வேண்டும் என்பதில் ஆள்வோரின் மனப்போக்கு எத்தகையது என்பதை அந்த விதிகள் ஐயத்திற்கிடமின்றிக் காட்டிவிட்டன.

வரும் வேலைகளின் உறுதிப்பாடும் ஆராயத்தக்கது. 2018இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பிரயாணிகள் 23 இலட்சத்துக்கும் மேல். 2019இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் அதன்பின் கொவிட் தொற்றும் வந்தன. 2021இல் அத்தொகை 2 இலட்சத்தையும் எட்டவில்லை. 2024இல் அது மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. இவ்வாறு பத்திலொன்றாகச் சுருங்கிப் பின் விரியவல்ல ஒரு துறையை ஊரின் ஒரே வாழ்வாதாரமாக்குவது அறிவுடைமையா? தொற்றுக்காலத்தில் மீன் விலையும் வீழ்ந்தது உண்மையே. ஆயினும் விலைபோகாத மீனை வீட்டிற் சமைக்கலாம், கருவாடாக்கி வைக்கலாம். விலைபோகாத ஹோட்டல் அறையை எவ்வாறு சமைப்பது?

நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டியவை

இங்ஙனம் கூறுவதனாற் கடற்றொழிலாளர் வாழ்வு குறைவற்றதெனப் பொருள்படாது. சம்மாட்டியிடமும் முற்பணம் கொடுக்கும் வியாபாரியிடமும் கடன்பட்டவன், பிடித்த மீனுக்குத் தானே விலை கூற இயலாதவனாக இருக்கின்றான். செலவு கழித்துப் பங்கு பிரிக்கும்போது படகுக்கும் வலைக்கும் இயந்திரத்துக்கும் உரியது போக, உடலால் உழைத்தவனுக்கு எஞ்சுவது சொற்பம். நண்டின் சதை பிரிக்கும் பெண்ணின் கையிலிருந்து கடல் கடந்த நாடுகளின் உணவு மேசைக்கு அப்பண்டம் போய்ச்சேருகையில் விலை பன்மடங்காகின்றது. அவளது கூலி ஆகவில்லை. இத்தகைய வாழ்விலிருந்து விலகி ஒரு ஹோட்டலிற் கணக்கெழுத விரும்பும் பெண்ணுக்கு அவ்வுரிமை உண்டு. கடலின் மைந்தரே, கடலிலேயே இருங்கள் எனக் கவிதை எழுதி அவளைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை.

இவ்விடத்திற் கற்றோர் தம்மையும் நோக்கவேண்டும். கடற்றொழிலைத் தாழ்ந்த தொழிலாகவும் அதனைச் செய்வோரைத் தாழ்ந்த குலத்தவராகவும் கணித்த தமிழ்ச் சமூகத்தின் மேட்டுக்குடியினர், அதே கரையின் அழகை இரசிப்பதற்கு இன்று விடுமுறையிற் செல்கின்றனர். பல்கலைக்கழகங்களிலிருந்து களப்பயணம் செல்வோர் பியரில் இறங்கி, படமெடுத்து, நண்டுக்கறி உண்டு, மாலைப் புகையிரதத்தில் திரும்புகின்றனர். வலை பின்னும் கிழவரிடம் ஒரு வினாவேனும் கேட்டவர் எத்தனை பேர்? வெளிநாட்டுப் பிரயாணியிடம் காணப்படும் குருட்டுத்தனம் உள்நாட்டுப் படிப்பாளியிடமும் உண்டு. முன்னவனுக்கு மொழி தெரியாது என்றாவது சாட்டுச் சொல்லலாம்.

வேண்டப்படுவது யாது?

விருந்தினர் வரவேண்டாமென எந்த ஊரும் கூறியதில்லை. வினா, எந்த நிபந்தனையில் அவர்கள் வருவது என்பதே. கரைவலைப் பாடுகள், வாடியிடங்கள், படகேற்றும் துறைகள், கரைக்குச் செல்லும் ஒழுங்கைகள் ஆகிய யாவும் பருவகால வழக்கங்களோடு சேர்த்து முதலிற் பதிவுசெய்யப்பட வேண்டும். அதன் பின்னரே எந்தவொரு ஹோட்டலின் விண்ணப்பமும் பரிசீலிக்கப்படலாம். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரையான கரையோர வலயத்தை அரசின் மேற்பார்வைக்குள் வைத்துள்ளது. அம்மேற்பார்வை மணலையும் பவளப்பாறையையும் காப்பதோடு அம்மணலில் உழைப்பவனையும் காத்தல் வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் சம்மதமின்றி ஒரு பேர்ச் கரைநிலந்தானும் குத்தகைக்கு விடப்படலாகாது. விருந்தினர் தங்கும் வீடுகளும், மணற்றிட்டுகளைக் காட்டும் படகுகளும் அச்சங்கங்களின் உடைமையாக இருக்கலாம். இழுவைமடித் தடை ஏட்டிலிருந்து கடலுக்கு இறங்க வேண்டும். இவற்றுள் எதுவும் பெருஞ் செலவுடையதன்று. இவை செய்யப்படாமைக்குக் காரணம் பணமின்மை என்று கூறுவதை நம்புவதற்கில்லை.

வேலி இன்னும் முழுமையாக அடைக்கப்படவில்லை என்பதே தலைமன்னாரின் நல்வாய்ப்பு. கற்பிட்டியிலும் பாணமையிலும் மக்கள் விழித்தெழுந்தபோது கம்பிகள் கட்டப்பட்டுவிட்டன. இங்கு கரைவலைப் பாட்டின் எல்லையைக் கைநீட்டிக் காட்டக்கூடிய முதியோர் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் காட்டுவதை எழுதிக்கொள்வதற்கு ஒரு குறிப்புப் புத்தகமும் சில நாட்களும் போதும். புவியியலும் சமூகவியலும் வரலாறும் பயிலும் மாணவர் நூற்றுக்கணக்கில் உள்ள நாட்டில் அந்த வேலை இன்னும் தொடங்கப்படாமலிருப்பது வெட்கத்துக்குரியது. அடுத்த சோளகக் காற்றுக்கு முன் அது தொடங்கப்படல் வேண்டும். காற்றோடு வருவோர் அளவுநாடாவையும் கொண்டே வருவர்.